கீழ் போர்ஷனும் நான் கட்டிய மாடிப்படியும்

பட்டாபிராமில் எனக்கு மூன்று மாடி வீடு. மேலே நின்று நான் ஒரு இருமல் இருமினால், கீழே குடியிருப்பவர்கள் கிடுகிடுவென்று நடுங்குவார்கள்.

இரண்டுமே பொய். கீழே தளம் போட்ட ஒரு போர்ஷன். அதற்கு மேலே சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். அதற்கும் மேலே தண்ணீர் டேங்க். டேங்கையும் ஒரு மாடியாகச் சேர்த்துக்கொண்டேன். நடுங்குகிற விஷயமும் அப்படித்தான். நான் இருமினால் கீழ் போர்ஷன் அம்மா கற்பூரவல்லி இலையைக் கொதிக்கவைத்து டம்ளரில் கொடுத்தனுப்பும். ஓனர் என்று யாரும் எந்தக் காலத்திலும் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை. வாசலில் படுக்கிற தெருநாய்கூட நான் வந்தால் எழுந்திருக்காது. தாண்டித்தான் போக வேண்டும்.

என் தொழில் சென்ட்ரிங். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடித்து, கீழே சவுக்குக் கட்டை கொடுத்துத் தாங்கி நிறுத்துகிற வேலை. கான்கிரீட் இறுகியதும் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அப்புறம் அந்த வீட்டில் நமக்கு ஒரு டம்ளர் மோர்கூடக் கிடைக்காது. இப்படி ஊரெல்லாம் கட்டிக்கொடுத்தவன் எனக்கென்று ஒன்று கட்டினேன். மனைவி ஆவடியில் பேக்டரி குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் சீட்டுக் கட்டித்தான் மனையே வந்தது. நான் வாங்கினேன் என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வேன். அவள் பக்கத்தில் நின்றால் சொல்ல மாட்டேன்.

தளம் போட்ட கீழ் போர்ஷனில் நாங்கள் இருந்துகொண்டு ஷீட்டை வாடகைக்கு விட்டிருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். கீழே விட்டால் வாடகை கூட வரும் என்று நான் கணக்குப் போட்டேன். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் போட்ட கணக்கு. ஆக, வீட்டுக்காரன் ஷீட்டுக்கு அடியில் வெந்துகொண்டிருந்தான். வாடகைக்கு வந்தவர் தளத்துக்கு அடியில் ஜில்லென்று படுத்திருந்தார்.

மாடிக்கு ஏறுகிற படியையும் நானேதான் கட்டினேன், வெளிச்சுவரை ஒட்டி. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று செங்குத்தாக ஏற்றிவிட்டேன். பல சைட்டில் மிஞ்சிய பலகைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. படியும் அதே அளவுக்கு வந்தது. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது கணுக்கால் உயரம். நடுவில் ஒரு திருப்பம். கைப்பிடிக் கம்பி பாதி வரைக்கும்தான். மீதியை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டது. முதல்முதலாக ஏறின அன்றைக்கே மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாய்யா இது, படியா, உன் பல்லா? ஒண்ணு நீட்டிகினு கீது, ஒண்ணு உள்ள பூந்துகினு கீது."

"ஏறினா ஊடு வருதா இல்லியா? அத்த பாருமே."

அப்போது அவளால் குடத்தோடு ஓடி ஏற முடிந்தது.

கீழ் போர்ஷனுக்கு வந்தவர் வந்தவாசிப் பக்கத்துக்காரர். செம்பரம்பாக்கத்தில் முன்பு வயலாக இருந்த இடத்தில் ஒரு குடோன். அங்கே சரக்கு ஏற்றி இறக்குகிற ஆட்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவர் மனைவி வாசலில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கும். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். நல்ல நாள் பார்த்து ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், அதன் மேலே அட்வான்ஸை வைத்துக் கொடுத்தார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் முருகன் படம் மாட்டுகிறவர்கள். அந்தம்மா கீழே பால் காய்ச்சி முதல் டம்ளரை என் மனைவியிடம் கொடுத்தது. அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். எங்கள் தெருவில் எல்லார் ஒப்பந்தமும் அதுதான். பால் பொங்கினால் கையெழுத்து ஆனமாதிரி.

கொஞ்ச நாள் கழித்து அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, பொண்ணு ஸ்கூல்ல அட்ரஸுக்கு பேப்பர் கேக்கறாங்க. இப்ப ஏதோ புதுச் சட்டமாம், வாடகைக்கு இருக்கறத எழுதி ரிஜிஸ்டர் பண்ணணுமாம். ஒரு அக்ரிமெண்ட் போட்டுக்கலாமாண்ணே?"

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. வாடகைக்காரனுக்கு எழுதிக்கொடுத்தால் வீடு அவனுக்குப் போய்விடும். நாலு தெரு தள்ளி யாரோ ஒருத்தருக்கு அப்படிப் போயே போய்விட்டதாம். அந்த ஒருத்தரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பயத்தை வெளியே காட்டாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"நைனா, பேப்பர்லாம் நம்பிக்க இல்லாதவனுக்கு. என் வாயிதான் பத்திரம். நீ எத்தினி வருசம் வோணா குந்திகினு இரு. காலி பண்ணுன்னு ஒரு வார்த்த கேட்டா என்ன ஏன்னு கேளு."

மாவு வாங்க நின்ற கூட்டம் முழுக்கக் கேட்டது. ஒரு கிழவர் கையைக்கூடத் தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவர் இன்னொரு தடவை வந்து கேட்டபோதும் அதே வசனத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் என் மனைவிக்குக் கால் வீங்கத் தொடங்கியது. நடந்து நடந்து வீங்கியது என்று நாங்களே வைத்தியம் பார்த்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்தியிருந்தது. வாரம் தவறாமல் இரண்டு தடவை டயாலிசிஸ் என்றார்கள். ஒரு தடவை விட்டாலும் மூச்சு முட்டும் என்றார்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தலையாட்டினேன். எனக்கு உறைத்தது வேறொன்று. வாரம் தவறாமல் அவள் அந்தப் படியில் இறங்க வேண்டும். வாரம் தவறாமல் ஏற வேண்டும்.

முதலில் என் தோளைப் பிடித்து இறங்கினாள். அப்புறம் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து. அப்புறம் அதுவும் முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். நாற்காலியின் முதுகை மேலிருந்து நான் பிடிப்பேன். முன்னங்கால்களைக் கீழிருந்து பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து இறங்குவது யார் என்றால், அந்தக் கீழ் போர்ஷன் தம்பிதான். நான் கூப்பிடவில்லை. ஒருநாள் நான் திணறுவதைப் பார்த்துச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வந்து பிடித்தார். அதிலிருந்து குடோனில் ஷிப்டை மாற்றிக்கொண்டு அந்த நாளுக்கெல்லாம் வீட்டில் இருந்தார்.

"பாத்துண்ணே, அடுத்தது ஒசரப் படி. அக்கா, கைய உள்ள வெச்சுக்குங்க."

என் படியை என்னைவிட அவர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய் வீட்டைக் காலி பண்ணு என்று கேட்க வேண்டும். வாசல்வரைக்கும் போய் மாவு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன். எங்கள் வீட்டில் தினமும் இட்லி. ஒருநாள் அவளை மேலே ஏற்றும்போது பாதிப்படியில் அவளுக்கு மூச்சு வாங்கி, உதடெல்லாம் நீலமாகிவிட்டது. அன்றைக்குக் கேட்டேன்.

"தம்பி, நீயே பாக்கறே. கீழ ஊடு எனக்கு வோணும்."

அவர் கிரைண்டர் பக்கம் கையைக் காட்டினார்.

"அண்ணே, வாசல விட்டா எங்க வீட்டுல மாவு வியாபாரம் போச்சு. என் சம்பளத்துல மட்டும் ஓடாதுண்ணே. வேற எடத்துல இந்த வாடகைக்கு வாசலோட யாரு தருவா?"

"அப்ப மாத்திக்கலாம். நீ மேல போ, நான் கீழ வரேன். வாசல நீயே வெச்சிக்க."

"வாசல்ல ஒண்டி வெச்சு என்னண்ணே பண்றது? அரைச்சு எங்க வைப்பேன்? ஷீட்டுக்குக் கீழ வெச்சா மத்தியானத்துக்குள்ள பொங்கிப் புளிச்சிடும்."

உண்மைதான். ஷீட்டுக்குக் கீழே நாங்களே பொங்கிப் புளித்துத்தான் கிடந்தோம்.

சரி, நாமே வெளியே போய் ஒரு கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்துவிடலாம் என்று தேடினேன். வேலப்பன்சாவடி வரைக்கும் அலைந்தேன். அங்கே காலேஜ் பசங்கள் நாலு பேர் சேர்ந்து கொடுக்கிற வாடகையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பினேன். ஒரு இடத்தில் மட்டும் எல்லாம் ஒத்துவந்தது. கடைசியில் மனைவிக்கு டயாலிசிஸ் என்றேன். அந்த ஓனர் நெற்றியைச் சுருக்கினார்.

"வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நிக்கும். அப்புறம் ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அடுத்து யாரு குடி வருவா? தப்பா நெனைக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. என்னிடம் ஒருத்தன் அப்படி வந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். 

பூந்தமல்லி கோர்ட் பக்கத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். வயதானவர். கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அக்ரிமெண்ட் இருக்கா?"

"வாய்ல கீது சார்."

"பழைய சட்டம் போயிடுச்சு. இப்ப இருக்கறதுல எல்லாம் எழுத்து. வாடகை ஒப்பந்தத்த எழுதணும், வாடகை அதிகாரி கிட்ட பதியணும். எழுதலன்னா, எழுதல அப்படிங்கறதையே காரணமாக் காட்டிக் காலி பண்ணச் சொல்லிக் கேக்கலாம்."

நான் எழுந்தே விட்டேன். "அப்ப ஜெயிச்சிட்டேன்னு சொல்லு சார்!"

"உக்காருங்க. எழுத மாட்டேன்னு சொன்னது யாரு? அவரா, நீங்களா?"

"நாந்தான்."

"யாராவது கேட்டாங்களா?"

"மாவு வாங்க வந்தவங்க கேட்டாங்க."

"எத்தன பேர் இருக்கும்?"

"தெருவே வரும் சார். நல்ல மாவு."

வக்கீல் பேனாவுக்கு மூடி போட்டார். "உங்க சொந்தத் தேவைக்கு வேணும்னு மனு போடலாம். டாக்டர் சீட்டெல்லாம் வெச்சுப் போடுவோம். நோட்டீஸ் போகும், அவர் பதில் போடுவாரு, தேதி குடுப்பாங்க, தள்ளும், மறுபடி குடுப்பாங்க" என்றார்.

"அதுவரிக்கும் அவ எப்டி சார் எறங்குவா?"

அதற்குச் சட்டத்தில் பதில் இல்லைபோல. வேறு ஒன்று சொன்னார். "அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. பூட்டுப் போடறது, கரண்ட்டப் புடுங்கறது, தண்ணிய நிறுத்தறது, எதுவும் ஆகாது. பண்ணினா உங்க பக்கம் இருக்கற நியாயமும் போயிடும்."

ரொம்ப அழகாகத் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால், அவர் அந்தப் பட்டியலைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தண்ணீர் தோன்றியே இருக்காது.

அன்றைக்கு டீக்கடையில் என் பழைய சென்ட்ரிங் கூட்டாளியிடம் புலம்பினேன். அவன் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னான்.

"மாமே, சொம்மா சட்டம் கிட்டம்னு பேஜார் பண்ணிக்காதே. மோட்டார நிறுத்து. ரெண்டே நாள்ல மூட்டையக் கட்டிகினு ஓடிப்பூடுவான்."

"வக்கீலு வாணாம்னாரு மச்சான்."

"அவரு மாடில கீறாரா, நீ கீறியா?"

மோட்டாரின் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டேங்க் காய்ந்தது. கீழே குழாயில் காற்று வந்தது. என்ன செய்யப்போகிறார்கள் என்று மேலிருந்து எட்டிப் பார்த்தேன். அந்தம்மா வாசலில் இருந்த தொட்டியின் மூடியைத் திறந்து, கயிறு கட்டிய வாளியை உள்ளே விட்டு மொண்டுகொண்டு போனது. தண்ணீர்த் தொட்டி தரைக்குக் கீழே இருக்கிறது. அவர்களும் தரையில் இருக்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் போனது மாடியில் இருக்கிற எனக்கு மட்டும்தான். எத்தனையோ தொட்டிக்கு நான் பலகை அடித்திருக்கிறேன். அது கீழேதான் இருக்கும் என்பது பீஸ் கட்டையைப் பிடுங்கும்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

எதிரியை மடக்கிய வீரன் அன்றிலிருந்து குடம் குடமாகத் தன் சொந்தப் படியில் தண்ணீர் சுமந்தான். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும். கீழ் போர்ஷன் தம்பி பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னண்ணே, மோட்டார் ரிப்பேரா? எனக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் இருக்காரு, கூட்டியாரட்டா?"

"வோணாம் நைனா. பெல்ட்டு போய்கீது. சொல்லிகிறேன்."

அந்த மோட்டாருக்கு பெல்ட்டே கிடையாது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். இருந்தும் அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீரை அவரே மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பீஸ் கட்டையைத் திரும்ப மாட்டிவிடலாமா என்று அப்போது ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அடுத்த டயாலிசிஸுக்கு அவளை நாற்காலியில் இறக்கிக்கொண்டிருந்தோம். கைப்பிடிக் கம்பி முடிந்து திருப்பம் வருகிற இடம். நான் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து பீஸ் கட்டை நழுவி, அவள் தோளில் பட்டு, டக், டக் என்று படியில் உருண்டு கீழே நிற்கிறவர் காலடியில் போய் நின்றது. அதைப் பிடிக்கிறேன் என்று நாற்காலியிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு கை. நாற்காலி கம்பி இல்லாத பக்கம் சாய்ந்தது.

"மாதாவே!"

அவள் குரல் அப்படி வந்து நான் கேட்டதில்லை. அந்தத் தம்பி நாற்காலியைத் தன் நெஞ்சால் முட்டி, தோளால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் முழங்கை சுவரில் உரசித் தோல் பிய்ந்தது. நான் மறுபடி பிடித்துக்கொண்டேன்.  அவர் காலடியில் அந்த வெள்ளைக் கட்டை கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பெல்ட்டாண்ணே?"

நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். 

"மொதல்ல அக்காவ எறக்கலாம்" என்றார்.

ஆட்டோவில் ஏற்றியதும் கையை நீட்டினார். பீஸ் கட்டையைப் பொறுக்கிக் கொடுத்தேன். நாங்கள் திரும்பி வந்தபோது டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

 வீட்டுக்கு வந்த பிறகு மனைவி கேட்டாள்.

"தண்ணிய நிறுத்தினது நீயா?"

"உனக்கோசரம்தாம்மே."

"எனக்கோசரமா? தண்ணி அளந்து குடின்னு சொல்லிக்கிறாங்க எனக்கு. நாக்கு வறண்டு குந்திகினு கீறேனே, அது இன்னான்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு வாளிய இஸ்துகினு பள்ளிக்கூடத்துக்கு லேட்டா போவுது. அதுக்கு ஏன்யா தெரியணும்?"

எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பது என் வழக்கம். அன்றைக்கு அவள் முழங்கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

கீழ் போர்ஷன் தம்பி வாடகை அதிகாரியிடம் எழுதிக்கொடுத்துவிட்டார். என்னிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். "பயமா இருக்குண்ணே. இன்னைக்குத் தண்ணி, நாளைக்கு நான் வேலைக்குப் போனப்புறம் பூட்டு போட்டீங்கன்னா?" விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு வண்டி கிடையாது. என் மேல் புகார் கொடுத்தவரின் வண்டியிலேயே பின்னால் குந்திக்கொண்டு விசாரணைக்குப் போனேன். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் "புடிச்சுக்குங்கண்ணே" என்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"தண்ணிய நிறுத்தினீங்களா?"

"நிறுத்தினேம்மா. எனக்குத்தான் நின்னுச்சு."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. மனைவி விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"இதுக்காக மனு போட்டிருந்தா நான் பாத்திருப்பேனே. நீங்க முதல்ல வந்திருக்கணும். இப்ப உங்க மேல புகார் இருக்கு, கையில ஒப்பந்தம் இல்ல. மேல கேஸுன்னு போனா ரெண்டு பேரும் அலைவீங்க. இன்னொரு தடவை தண்ணியில கை வெச்சீங்கன்னா அபராதம்தான். பேசி முடிச்சு எழுதிக்கிட்டு வாங்க."

வாசலில் நின்று பேசினோம். மகள் பன்னிரண்டாவது முடிக்கிறவரைக்கும் இருக்க எழுதிக்கொடுங்கள் என்றார் அவர். அது இப்போதுதான் ஒன்பதாவது படிக்கிறது.

"அண்ணே, அதுவரைக்கும் அக்காவ நான் தூக்கறேன். நிறுத்த மாட்டேன்."

"அதயும் பத்திரத்துல எழுதுவியா?" என்று எகிறினேன்.

"எழுதுங்கண்ணே. கையெழுத்துப் போடறேன்."

இந்த ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? கேஸ் போட்டால் எத்தனை நாள் என்று தெரியாது. எழுதிக்கொடுத்தால் எத்தனை நாள் என்று தெரியும். அவளுக்கு எத்தனை நாள் என்று எந்த ஆபீஸிலும் கேட்க முடியாது. எழுதிக்கொடுக்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். ஒன்பது, பத்து என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். பாதியில் கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள். "சரி, போடு" என்றாள். அதற்கப்புறம் வந்த டயாலிசிஸ் நாளில் நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"நான் எறங்கல."

"இன்னாமே சொல்றே?"

"அந்த மூலை வந்தா எனக்கு பயமா கீது. மேல நீ, கீழ அவரு, நடுவுல நான் மூட்டை மாதிரி. வோணாம்யா. வுட்டுடு."

கெஞ்சினேன். கோமாளித்தனம் பண்ணினேன். நாற்காலியில் நான் உட்கார்ந்து, "என்ன தூக்குங்கடா" என்று காட்டினேன். அவள் திரும்பவில்லை. கீழே ஆட்டோ காத்திருந்து காத்திருந்து போய்விட்டது. அன்றைய முறை தவறிப்போனது. இப்போது அவள் முகமே வேறாக இருக்கிறது. காலை அழுத்தினால் குழி விழுகிறது, மேலே வருவதில்லை. படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறாள். பேசினால் பாதி வார்த்தையில் மூச்சு வாங்குகிறது.

இன்றைக்கு அடுத்த முறை. இதையும் விட்டால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் எழுத மாட்டேன். விடிந்ததும் கேட்டேன், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மறுபடி கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டாள். கூப்பிட்டு அவளுக்குப் புத்தி சொல்லவைக்கப் பிள்ளைகளும் இல்லை. நாற்காலியைத் துடைத்து அறை வாசலில் போட்டுவிட்டு, மேல்படியில் உட்கார்ந்து இதை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். 

அந்த அக்ரிமெண்ட்டைப் பதிந்த கதையை இன்னும் சொல்லவில்லையே. கம்ப்யூட்டர் சென்டருக்கு இரண்டு பேரும் போனோம். டைப் அடிக்கிற பெண் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தது. அவர் இஸ்திரி போட்ட சட்டை, நான் லுங்கி. அது நேராக அவரைப் பார்த்து, "ஓனர் சார், நீங்க இந்த சேர்ல உக்காருங்க, போட்டோ எடுக்கணும்" என்றது. அவர் பதறிப்போய் என்னைக் காட்டினார். அந்தப் பெண் நம்பவில்லை. நானும் சும்மா இருக்காமல், "ஆமாம்மா, அவருதான் ஓனரு, நான் மேல ஷீட்ல வாடகைக்கி கீறேன்" என்றேன். அது கடகடவென்று அப்படியே அடிக்கத் தொடங்கிவிட்டது. அவர், "ஐயோ அண்ணே, வெளையாடாதீங்க, பேர் மாறிடும்" என்று அலறுகிறார், நான் அந்த சேரைப் பிடித்துக்கொண்டு

"யோவ்... இன்னா... பண்ணிகினு கீறே அங்க? ஆட்டோ ஆரன் அடிக்குது... காதுல வுழல? அவரையும் கூப்புடு... மெதுவா தூக்குங்க."

அவள்தான். போகிறேன்.